“பிள்ளைகளிடமும் கேட்டோம்” என்றால் என்ன? கல்வி ஆய்வில் குழந்தைகளின் கருத்து: ஓர் எளிய விளக்கம்

கல்வி பற்றி வரும் அறிக்கைகளில் இப்போது “மாணவர்களின் கருத்தும் கேட்கப்பட்டது” என்ற வரி தவறாமல் இருக்கிறது. பக்கத்தில் சிரித்த முகத்தோடு ஒரு சிறுமியின் படம். அதன் கீழே, “எனக்கு என் பள்ளி ரொம்பப் பிடிக்கும்.” அந்தச் சிறுமியிடம் எங்கே வைத்துக் கேட்டார்கள், தலைமை ஆசிரியர் அப்போது எங்கே நின்றார், வேறு என்ன சொன்னாள், சொன்னதை வைத்து யார் என்ன செய்தார்கள் என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. இன்னொரு பக்கம், “சின்னப் பிள்ளைங்ககிட்ட கேட்டா பி.டி. பீரியட் நிறைய வேணும்னு சொல்லும், அதை வச்சு என்ன பண்ணறது?” என்று ஒதுக்குகிறவர்கள். இரண்டு தரப்பும் நினைப்பது ஒன்றுதான்: ஒரு கேள்வி கேட்டு ஒரு பதிலை வாங்கிவிட்டால் வேலை முடிந்தது. அப்படி இல்லை. குழந்தையிடம் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அது எங்கே பிசகும் என்பதும் ஓரளவு தெரிந்த விஷயம்தான்.

## தையற்கடையில் மூன்று பேர்

ஜூன் மாதம் பள்ளிச் சீருடை தைக்கப் போகிறோம். தையற்காரர் டேப்பை எடுத்துத் தோள், மார்பு, கை நீளம் என்று அளக்கிறார். “வளர்ற பிள்ளை, ரெண்டு இஞ்ச் கூட வச்சுத் தைங்கண்ணே” என்கிறார் அம்மா. பையன், “போன வருஷச் சட்டை கையைத் தூக்கினா அக்குள்ல இறுக்குச்சு” என்கிறான். டேப் சொல்வது ஒன்று, அம்மா சொல்வது ஒன்று, பையன் சொல்வது ஒன்று. மூன்றும் தேவை. ஆனால் இறுக்கும் இடம் டேப்பிலும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. சட்டை யார் உடம்பில் இருந்ததோ அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

கல்வி ஆய்விலும் இந்த மூன்றும் உண்டு. டேப் என்பது தேர்வும் அளவீடும். பிரதம் என்ற தொண்டு அமைப்பு 2005 முதல் ஊர் ஊராக, வீடு வீடாகப் போய் எடுக்கும் அசர் கணக்கெடுப்பு நல்ல உதாரணம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கிறதா என்று அது காட்டும். பெரிய விஷயம்தான். ஆனால் வாசிக்காத பிள்ளை வகுப்பில் எப்படி உட்கார்ந்திருக்கிறது, எதற்குப் பயப்படுகிறது என்பது அதில் வராது. அம்மாவின் இடத்தில் ஆசிரியர், பெற்றோர், அலுவலர்களிடம் எடுக்கும் பேட்டிகளை வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதுதான் பிள்ளையின் சொல்.

குழந்தையை அளக்கப்படும் பொருளாக மட்டும் வைத்துக்கொள்ளாமல், தகவலும் கருத்தும் தருகிற ஆளாக, சில சமயம் கேள்விகளையே வடிவமைக்கும் ஆளாகச் சேர்த்துக்கொள்வதற்குப் பங்கேற்பு ஆய்வு என்று பெயர். நூறு மாணவர்களிடம் வினாத்தாள் கொடுத்து நிரப்பச் சொல்வது மட்டும் பங்கேற்பு ஆகிவிடாது. நல்ல அளவீட்டு ஆய்வு, பங்கேற்பு ஆய்வைவிடத் தாழ்ந்தது என்றும் பொருள் இல்லை. இரண்டும் பதில் சொல்வது வேறு வேறு கேள்விகளுக்கு.

## இது சலுகையா, உரிமையா?

ஐ.நா. பொதுச்சபை 1989 நவம்பர் 20 அன்று குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை ஏற்றது. இலங்கை 1991இலும் இந்தியா 1992 டிசம்பரிலும் அதில் சேர்ந்தன. அதன் 12ஆம் பிரிவு, தன் கருத்தை உருவாக்கிக்கொள்ளக்கூடிய எந்தக் குழந்தைக்கும் தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் அதைத் தடையின்றிச் சொல்லும் உரிமை உண்டு என்கிறது. அந்தக் கருத்துக்கு வயதையும் முதிர்ச்சியையும் பொறுத்து உரிய மதிப்புத் தரவேண்டும் என்பது அதன் அடுத்த பாதி.

இந்தப் பிரிவைப் பலரும் தப்பாகவே புரிந்துகொள்கிறார்கள். பிள்ளை சொல்வதை அப்படியே செய்யவேண்டும் என்று அது சொல்லவில்லை. மதிப்புத் தருவது என்றால் எடைபோட்டுப் பார்ப்பது. முடிவு பெரியவர்களுடையதாகவே இருக்கலாம், ஆனால் பிள்ளை சொன்னது அந்த முடிவில் எங்கே நின்றது என்று காட்டியாக வேண்டும். ‘இந்த வயதுக்கு மேல்தான்’ என்ற கோடும் அதில் கிடையாது. பேச்சு வராத குழந்தையும் முகத்தாலும் விளையாட்டாலும் படத்தாலும் சொல்லும் என்பதை உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 2009இல் வெளியிட்ட விளக்கம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. இன்னொன்று, பேசுவது உரிமை, கடமை இல்லை. வாயைத் திறக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கவும் பிள்ளைக்கு உரிமை உண்டு.

கல்வியில் உரிமை என்றாலே பள்ளியில் சேரும் உரிமைதான் முதலில் நினைவுக்கு வரும். இந்தியாவில் 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரை அதைத் தருகிறது. ஆனால் பள்ளிக்குள் நுழைந்த பிறகும் உரிமைகள் உண்டு. அடிபடாமல், அவமானப்படாமல் படிப்பது அதில் ஒன்று. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சேர்க்கை எண்ணிக்கை பதிவேட்டில் இருக்கும். பிரம்பு எத்தனை முறை எடுக்கப்பட்டது என்பது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அதைப் பிள்ளையிடம்தான் கேட்டாக வேண்டும்.

## கேட்பதன் நான்கு பகுதிகள்

பெல்ஃபாஸ்ட்டில் உள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் லாரா லண்டி 2007இல் இந்த 12ஆம் பிரிவை நான்காகப் பிரித்துக் காட்டினார். இன்று இந்தத் துறையில் அதிகம் பயன்படும் அளவுகோல் இதுதான். அயர்லாந்து அரசு 2015இல் தன் தேசியக் கொள்கைக்கே இதை அடித்தளமாக வைத்தது.

இடம்: பயமில்லாமல் கருத்து உருவாகவும் வெளிவரவும் ஒரு சூழல்.
குரல்: கருத்தைச் சொல்லத் தோதான வழி, தேவையான தகவல்.
செவி: கேட்கும் பொறுப்பும் அதிகாரமும் உள்ள ஒருவர் உண்மையிலேயே கேட்பது.
விளைவு: சொன்னது முடிவில் எடைபோடப்படுவது, என்ன ஆனது என்று பிள்ளைக்குத் திரும்பச் சொல்வது.

பெரும்பாலான ஆய்வுகள் குரலோடு நின்றுவிடுகின்றன. படம் வரையச் சொல்வார்கள், ஒலிப்பதிவு செய்வார்கள், அறிக்கையில் மேற்கோள் போடுவார்கள். அந்த அறிக்கை யார் மேசைக்குப் போகிறது என்று முதலிலேயே யோசித்திருக்க மாட்டார்கள். தெருவில் விளையாடும்போது வீம்பு பிடிக்கும் சின்னப் பிள்ளையை ‘ஒப்புக்குச் சப்பாணி’யாகச் சேர்த்துக்கொள்வது நமக்குத் தெரியும். ஆட்டத்தில் இருக்கும், கணக்கில் வராது. ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992இல் யுனிசெஃப்புக்காக எழுதிய கட்டுரையில் குழந்தைப் பங்கேற்பை எட்டுப் படிகளாக வரிசைப்படுத்தினார். கீழ் மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் ஏற்கவில்லை. பெரியவர் எழுதிக்கொடுத்ததைப் பிள்ளை வாயால் சொல்லவைப்பது, மேடையில் அழகுக்கு நிறுத்துவது, ஒப்புக்குக் கேட்பது ஆகியவைதான் அந்த மூன்று.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: குழந்தையின் சொல் வேறெங்கும் கிடைக்காத தகவல், அதைச் சொல்வது உரிமை, கேள்வி கேட்பது அந்த உரிமையின் நான்கில் ஒரு பகுதிதான். இனி, அந்த ஒரு பகுதியே எப்படிக் கெட்டுப்போகிறது என்று பார்க்கலாம்.

## பிள்ளை ஏன் ‘ஆமா சார்’ என்கிறது?

1980இல் மார்ட்டின் ஹியூஸ், ராபர்ட் கிரீவ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 5, 7 வயதுப் பிள்ளைகளிடம் வேண்டுமென்றே அர்த்தமில்லாத கேள்விகளைக் கேட்டார்கள். “பால் தண்ணீரைவிடப் பெரிசா?” “சிவப்பு மஞ்சளைவிடக் கனமா?” பிள்ளைகள் திகைக்கவில்லை. பெரும்பாலும் ஏதோ ஒரு பதில் சொன்னார்கள். பாலுக்கு நிறம் இருக்கிறதே என்பது போன்ற காரணமும் சேர்த்துச் சொன்னார்கள். கேள்வி கேட்பது பெரியவர், ஆகவே கேள்வியில் பொருள் இருக்கத்தான் வேண்டும் என்று எடுத்துக்கொண்டு, தாங்களாகவே அதற்கு ஒரு பொருளை ஊட்டிப் பதில் தந்தார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. இப்படிப்பட்ட கேள்வி ‘ஆமாம்/இல்லை’ வடிவில் வந்தால் பிள்ளைகள் பதில் சொல்லிவிடுகிறார்கள். திறந்த கேள்வியாக வந்தால் ‘புரியல’, ‘தெரியல’ என்று சொல்வது கூடுகிறது.

பள்ளியில் இதற்கு இன்னும் ஒரு காரணம் உண்டு. வகுப்பில் கேள்வி கேட்பவருக்கு விடை முன்பே தெரியும். “ஆறேழு எவ்வளவு?” என்று கேட்கும் ஆசிரியருக்கு 42 தெரியாமல் இல்லை. வருடக்கணக்காக இப்படிக் கேட்டுப் பழகிய பிள்ளை, ஆய்வாளரின் கேள்விக்கும் ஒரு சரியான விடை இருக்கிறது, அது அவர் மனதில் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கவேண்டும் என்றே நினைக்கும். அதனால்தான் ஒரே கேள்வியை மாற்றாமல் இரண்டாம் முறை கேட்டால் பதில் மாறிவிடுகிறது. முதல் விடை தப்பு போல, அதான் மறுபடி கேட்கிறார்!

வினாத்தாளை வகுப்பறையில் கொடுத்தால் அது பரீட்சை ஆகிவிடும். கையால் மறைத்துக்கொண்டு எழுதும் பிள்ளை ஒரு பக்கம், எட்டிப் பார்த்து எழுதும் பிள்ளை ஒரு பக்கம். நல்ல மனதோடு உதவ வரும் ஆசிரியர் “பள்ளியில் கழிப்பறை வசதி உள்ளதா? ஆம்னு போடுங்க” என்று கரும்பலகையிலேயே எழுதிப்போட்டு விடுவதும் உண்டு. முப்பது தாளிலும் ஒரே பதில் இருந்தால் அந்த முப்பதையும் ஒன்றாகத்தான் எண்ணவேண்டும்.

சிரிப்பு முகப் பொம்மைகளை வைத்து மதிப்பெண் போடச் சொல்வது இப்போது பெரிய மோகம். சின்னப் பிள்ளைகள் பெரும்பாலும் கடைசிச் சிரிப்பையே தொடுவார்கள், ஏனென்றால் அதுதான் அழகாக இருக்கிறது. ஒன்பது வயதுக்குக் கீழே ‘எவ்வளவு பிடிக்கும்?’ என்பதைவிட ‘இந்த ரெண்டுல எது?’ என்று ஒப்பிடச் சொல்வது நம்பகமானது.

சரிசெய்யும் வழிகள் எளியவைதான். முதலில் நான் பரிசோதிக்க வந்த அதிகாரி இல்லை என்று சொல்லவேண்டும். அதிகாரியாகத் தெரியாதபடி உட்காரவும் வேண்டும். பிள்ளைகள் தரையில் இருக்கும்போது நாற்காலி கூடாது. பிறகு ‘தெரியாது’ என்று சொல்ல ஒரு பயிற்சி கொடுக்கவேண்டும். “எங்க வீட்டு நாய்க்கு என்ன பேருன்னு சொல்லு பாப்போம்” என்று கேளுங்கள். ‘மணி’ என்று ஒரு பிள்ளை ஊகித்துச் சொல்லும். “உனக்கு எப்படித் தெரியும்? நீதான் பார்த்ததே இல்லையே. இந்த மாதிரி தெரியாததுக்குத் தெரியாதுன்னே சொல்லலாம், தப்பில்ல. உங்க ஸ்கூலைப் பத்தி எனக்குத் தெரியாது, நீங்கதான் சொல்லித் தரணும்.” இரண்டு நிமிட வேலை. பாதிக்கப்பட்ட குழந்தைகளிடம் வாக்குமூலம் வாங்கும் முறைகளிலும் இதே பயிற்சி இருக்கிறது.

## யார் யாரைக் கேட்டுவிட்டுப் பேசவேண்டும்?

இங்கே மூன்று தனித்தனி விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறோம். உள்ளே நுழைய விடுவது அனுமதி. அரசுப் பள்ளி என்றால் வழக்கமாக மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரின் கடிதம், பிறகு தலைமை ஆசிரியர். பெற்றோரோ காப்பாளரோ விவரம் தெரிந்து தருவது ஒப்புதல். பிள்ளை தானே தருவது இசைவு. முதல் இரண்டும் இருந்து மூன்றாவது இல்லை என்றால் பேச்சு கிடையாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்கள் 7 முதல் 12 வயது வரை வாய்மொழி இசைவும், 12 முதல் 18 வரை எழுத்துவழி இசைவும் கேட்கின்றன. அவை மருத்துவ ஆய்வுக்காக எழுதப்பட்டவை என்றாலும் கல்வி ஆய்வுக்கும் கைகொடுக்கும் அளவு அது. அதற்கும் சிறியவர்களிடம் இசைவு வாங்கக் கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. நாலு வயதுக் குழந்தை எழுந்து ஊஞ்சலுக்குப் போய்விட்டால் அதுதான் அதன் பதில்.

பிசகும் இடங்கள்: மூன்று பக்கச் சட்டத் தமிழில் படிவம் அடித்துப் பையில் கொடுத்துவிட்டு “நாளைக்குக் கையெழுத்து வாங்கிட்டு வா” என்பது. வாங்காத பிள்ளை திட்டு வாங்கும், அதோடு தன்விருப்பம் போயிற்று. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாய்விட்டு வாசித்து, கேள்விக்கு நேரம் விட்டு, பிறகு கையெழுத்து வாங்குவது மேல். கலந்துகொண்ட பிள்ளைக்கு மட்டும் ஜாமெட்ரி பாக்ஸ் தருவதும் ஒருவிதக் கட்டாயமே. தருவதானால் வகுப்பு முழுவதற்கும் தரவேண்டும்.

இசைவு ஒரு தடவை வாங்கி முடிக்கும் கையெழுத்து இல்லை. நடுவில் திரும்பப் பெறலாம். ஆனால் பெரியவரிடம் ‘போதும்’ என்று சொல்ல நம் பிள்ளைகளுக்கு வாய் வராது. ஆளுக்கு ஒரு சிவப்பு அட்டை கொடுத்து, “பிடிக்காத கேள்வின்னா இதைக் காட்டு, நான் அடுத்ததுக்குப் போயிடுவேன். இப்ப சும்மா ஒரு தடவை காட்டிப் பாரு” என்று ஒத்திகை பார்க்கவேண்டும். ஒத்திகை இல்லாத அட்டை மடியிலேயே கிடக்கும். அட்டையைக் காட்டாவிட்டாலும், பதில் ‘ம்’ என்று சுருங்குவதும் கண் கதவுப் பக்கம் போவதும் தெரிந்தால் நிறுத்திவிட வேண்டியதுதான்.

## எதை வைத்துக் கேட்பது?

வயதுக்கு ஏற்ற கருவி வேண்டும். 3 முதல் 5 வயது வரை, பேட்டியைவிட நடை நல்லது. குழந்தை முன்னே போகட்டும், நமக்கு இடத்தைச் சுற்றிக் காட்டட்டும், பிடித்ததைப் படம் எடுக்கட்டும். அலிசன் கிளார்க், பீட்டர் மாஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001இல் இங்கிலாந்தில் முன்வைத்த மொசைக் அணுகுமுறை இதுதான்: குழந்தை எடுத்த படம், வரைந்த வரைபடம், உலா, பேச்சு எல்லாவற்றையும் துண்டு துண்டாகச் சேர்த்து முழுச் சித்திரம் பார்ப்பது.

6 முதல் 9 வரை, வரைந்து பேசலாம். ஆனால் “உன் பள்ளியை வரை” என்றால் என்ன வரும் தெரியுமா? இரண்டு மலை, நடுவில் சூரியன், நாலு பறவை, ஓர் ஓட்டுவீடு, ஒரு தென்னை மரம், உச்சியில் கொடி. பள்ளி இருப்பது சமவெளியாக இருந்தாலும் மலை வந்துவிடும். அது டிராயிங் பீரியடில் பழகிய படம், பிள்ளையின் கருத்து அதில் இல்லை. அதற்குப் பதில் “வீட்டிலிருந்து ஸ்கூலுக்கு வர்ற வழியை வரை. நீ வேகமா நடக்கிற இடத்துல சிவப்பு, நிக்கத் தோணுற இடத்துல பச்சை” என்று கேளுங்கள். நாய் நிற்கும் முடுக்கு, டாஸ்மாக் கடை, லாரி திரும்பும் முனை எல்லாம் தாளில் இறங்கும். வரைந்ததை நாமே விளக்கிக்கொள்ளக் கூடாது. கறுப்புக் கிரயான் என்றால் சோகம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பெட்டியில் அந்த ஒரு கிரயான்தான் மிச்சம் இருந்திருக்கும். “இது என்ன, சொல்லு” என்று கேட்டு, பிள்ளை சொன்னதைத்தான் தரவாக எடுக்கவேண்டும்.

10 வயதுக்கு மேல் வரிசைப்படுத்தும் விளையாட்டுகள் நன்றாக வேலை செய்யும். ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை. பள்ளியில் மாறவேண்டிய ஐந்து விஷயங்களின் படம் ஒட்டிய மூடிய டப்பாக்கள். எது முக்கியமோ அதில் அதிகம் போடலாம். திறந்த தட்டு வைத்தால் முதலில் போகும் கெட்டிக்காரப் பிள்ளையைப் பார்த்தே மற்றவர்களும் போடுவார்கள். எல்லோரும் போட்டு முடித்தபின் கொட்டி எண்ணி, அதற்குப் பிறகுதான் குழுப் பேச்சு. அந்த ஐந்து விஷயங்களையும் முதல் நாள் பிள்ளைகளே சொல்லியிருந்தால் இன்னும் நல்லது.

குழுவில் 5 அல்லது 6 பேர், அதற்கு மேல் வேண்டாம். 12 வயதுக்கு மேல் பெண்பிள்ளைகளுக்குத் தனிக் குழு. கழிப்பறை, நாப்கின் பற்றிய பேச்சு கலந்த குழுவில் எழாது. 30 முதல் 40 நிமிடம். ஒருவர் பேச, ஒருவர் எழுத. இடம், மற்றவர் கண்ணுக்குத் தெரியவேண்டும், காதுக்கு எட்டக் கூடாது. வராந்தாக் கோடி, வேப்பமரத்தடி போதும். தலைமை ஆசிரியர் அறை வேண்டவே வேண்டாம். மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக உட்காருவது எக்காரணம் கொண்டும் கூடாது. விளையாட்டு பீரியடை எடுத்துக்கொண்டால் பாதிப் பதில்கள் ‘சீக்கிரம் விடுங்க’ என்ற அவசரத்தில்தான் வரும்.

ஒரு பயிற்சிக்குத் தமிழ்நாட்டின் காலை உணவுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. மூன்றாம் வகுப்பில் போய் “சாப்பாடு நல்லா இருக்கா?” என்று கேட்டால் “நல்லா இருக்கு சாஆர்” என்று கோரஸ் வரும். ஆய்வு அத்தோடு முடிந்தது. மாற்றிக் கேளுங்கள்: “நேத்து காலைல என்ன போட்டாங்க? தட்டுல எது மிஞ்சுச்சு? மிச்சத்தை எங்க கொட்டுவீங்க? ரெண்டாவது தடவை கேட்டா என்ன சொல்வாங்க? பொங்கலும் கிச்சடியும் வச்சா எந்த வரிசை பெரிசா இருக்கும்?” இவை எல்லாம் கண்ணால் பார்த்த, நேற்று நடந்த, பிள்ளைக்கு மட்டுமே முழுதாகத் தெரிந்த விஷயங்கள். ‘நல்லா இருக்கா?’ என்பது தீர்ப்புக் கேட்கும் கேள்வி. தீர்ப்புச் சொல்ல பயப்படும் பிள்ளை, நடந்ததைச் சொல்லப் பயப்படாது.

உரிமை பற்றிக் கேட்பதும் அப்படித்தான். “உனக்கு என்னென்ன உரிமைகள் இருக்கு?” என்றால் சமூக அறிவியல் பாடம் ஒப்பிக்கப்படும். “பாத்ரூம் போகணும்னா யார்கிட்ட கேக்கணும்? அவங்க வேண்டாம்னு சொல்லிட்டா என்ன பண்ணுவே? லீடரை யார் தேர்ந்தெடுத்தாங்க? ஒருத்தன் பொய் சொல்லி உன்னை மாட்டிவிட்டா, உன் பக்கம் யாரு கேப்பாங்க?” என்றால் உரிமை தானாகவே பேச்சில் வரும்.

மீண்டும் ஒரு சுருக்கம்: தீர்ப்பைக் கேட்காமல் நடப்பைக் கேட்பது, தனித்தனியாகப் பதில் வாங்கியபின் குழுவாகப் பேசுவது, படத்தைப் பிள்ளையே விளக்க விடுவது. மற்ற நுட்பங்கள் எல்லாம் இவற்றுக்கு அப்புறம்தான்.

## ரகசியம் என்று வாக்குக் கொடுக்கலாமா?

முழு ரகசியம் என்று வாக்குக் கொடுப்பது தவறு. அதைக் காப்பாற்ற முடியாது. போக்சோ சட்டம் 2012இன் 19ஆம் பிரிவுப்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரியவரும் யாரும் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்கத் தவறினால் தண்டனை உண்டு. ஆய்வாளருக்கு விலக்கு இல்லை. ஆகவே ஆரம்பத்திலேயே இப்படிச் சொல்லிவிட வேண்டும்: “நீ சொன்னதை உன் பேரோட யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா உனக்கோ வேற பிள்ளைக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா, உதவி செய்றவங்ககிட்ட சொல்லியாகணும். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிடுவேன்.” பிள்ளை ஏதாவது சொல்லிவிட்ட பிறகு இந்த எல்லையை விளக்குவது துரோகமாகவே தெரியும். குழந்தைகள் உதவி எண் 1098 எழுதிய சிறு தாளை எல்லோருக்கும் கொடுக்கவேண்டும். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் அவரை அடையாளம் காட்டியதாகிவிடும்.

பெயரை மாற்றுவதால் மட்டும் அடையாளம் மறையாது. “ஏழாம் வகுப்பில் படிக்கும், சக்கர நாற்காலியில் வரும் மாணவி” என்று எழுதினால் அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். கையெழுத்தை வகுப்பாசிரியர் ஒரே பார்வையில் கண்டுபிடிப்பார், எனவே எழுதிய தாளின் படத்தை அப்படியே அச்சிடக் கூடாது.

## யார் விட்டுப்போகிறார்கள்?

தலைமை ஆசிரியரிடம் “பத்துப் பிள்ளைங்களை அனுப்புங்க” என்றால் நன்றாகப் பேசும், முதல் பெஞ்சுப் பத்துப் பேர் வருவார்கள். அவர் மீது குறையில்லை, விருந்தாளி முன்னால் யாரும் அப்படித்தான் செய்வார்கள். வருகைப் பதிவேட்டை வாங்கி ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது எண் என்று எடுப்பது ஒரு வழி. அன்று வராத பிள்ளைகளின் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். பள்ளி பற்றி வித்தியாசமாகச் சொல்ல எதுவாவது இருந்தால் அது பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் இருக்கும். செங்கல் சூளைக்குப் பெற்றோரோடு போனவர்கள், தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றவர்கள், பெஞ்சில் தனியாக உட்காரவைக்கப்பட்டதால் வராமல் நின்றவர்கள்.

எழுதும்போது நடக்கும் இழப்பு வேறு. ஒரு பிள்ளை “மிஸ் என்னைப் பார்த்தாலே எரிஞ்சு விழுவாங்க” என்றது. அறிக்கையில் அது “ஆசிரியர் கண்டிப்புடன் நடந்துகொள்கிறார்” என்று வந்தது என்றால், ‘என்னை’ என்ற சொல் போய்விட்டது. அந்த வாக்கியத்தில் முக்கியமானதே அந்தச் சொல்தான். பேச்சை வட்டார வழக்கோடு அப்படியே எழுதிவைத்து, பக்கத்தில் விளக்கம் எழுதுவதே ஒழுங்கு.

## சொன்னது எங்கே போகிறது?

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் எத்தியோப்பியா, இந்தியா, பெரு, வியட்நாம் ஆகிய நாடுகளில் சுமார் 12,000 பிள்ளைகளை 2002 வாக்கிலிருந்து தொடர்ந்து பார்த்துவரும் ‘யங் லைவ்ஸ்’ ஆய்வு, இந்தியாவில் ஆந்திரம், தெலங்கானா பகுதிகளில் நடக்கிறது. 2009 சுற்றில் எட்டு வயதுப் பிள்ளைகளிடம், கடந்த ஒரு வாரத்தில் ஆசிரியரிடம் அடிபட்டாயா என்று கேட்டார்கள். ‘பொதுவாக அடிப்பார்களா?’ என்று கேட்காமல் காலத்தை ஒரு வாரத்துக்குள் நிறுத்தியதைக் கவனியுங்கள். நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஆமாம் என்றார்கள். பள்ளி ஏன் பிடிக்கவில்லை என்ற கேள்விக்கும் அடியும் திட்டும் முன்னால் வந்தன. பெரியவர்களிடம் மட்டும் கேட்டிருந்தால் இந்த எண் வந்திருக்காது.

அடி வாங்கினால்தான் படிப்பு வரும் என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு. அதையும் மறைக்காமல் எழுதவேண்டும். அதற்காக அடிப்பது சரியாகிவிடாது. உரிய மதிப்பு என்று மேலே சொன்னதன் பயன் இங்கேதான்: அந்தக் கருத்து எங்கிருந்து வந்தது என்று கேட்பதும் மதிப்புத் தருவதில் அடங்கும்.

செவியும் விளைவும் நன்றாகச் சேர்ந்த இடம் பார்க்கவேண்டும் என்றால் பக்கத்துக் கர்நாடகம் போதும். குந்தாபுரம் பகுதியில் உழைக்கும் குழந்தைகளின் அமைப்பிலிருந்து வளர்ந்த குழந்தைகள் கிராம சபையை, 2006இல் மாநிலம் முழுதும் நடத்தும்படி அரசு சொன்னது. பிள்ளைகள் முதலில் தங்கள் ஊரில் தகவல் திரட்டுவார்கள், பிறகு ஊராட்சித் தலைவரும் அலுவலர்களும் எதிரில் உட்கார்ந்து பதில் சொல்லவேண்டும். எல்லா ஊராட்சியிலும் இது ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல முடியாது, சடங்காகிப்போனவையும் உண்டு. ஆனால் கேட்கவேண்டிய ஆள் அறையில் இருக்கிறார் என்பதே பெரும்பாலான ஆய்வுகளில் இல்லாத ஒன்று.

ஆய்வாளர் தன் அளவில் செய்யக்கூடியது, முடிவை முதலில் பிள்ளைகளிடம் கொண்டுபோவது. ஒரு பக்கம், பெரிய எழுத்து: நீங்கள் சொன்னது இவை, யாரிடம் கொடுத்தோம், அவர் எதற்குச் சரி என்றார், எதற்கு முடியாது என்றார், ஏன். ‘முடியாது’ என்பதைக் காரணத்தோடு சொன்னால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்கள். நாட்காட்டியையும் பார்த்துக்கொள்ளவேண்டும். ஜனவரியில் தரவு எடுத்து, டிசம்பரில் அறிக்கை முடித்துவிட்டுத் தொடக்கப் பள்ளிக்குப் போனால், பேசிய ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அங்கே இருக்க மாட்டார்கள். ஆறாம் வகுப்புக்கு வேறு வேறு பள்ளிகளுக்குக் கலைந்திருப்பார்கள். முழு அறிக்கை வரட்டும் என்று காத்திராமல், முதற்கட்ட முடிவையாவது ஏப்ரல் ஆண்டுத் தேர்வுக்கு முன்னால் அந்த வகுப்பிலேயே சொல்லிவிடும்படி வேலைத்திட்டத்தைப் போடவேண்டும். அதற்கான பயணச் செலவையும் ஒரு நாளையும் நிதி கேட்கும் விண்ணப்பத்திலேயே சேர்க்காவிட்டால், பிறகு யாரும் தரமாட்டார்கள்.